ரெயிலா, ராட்டினமா?

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. இந்திரனுக்குப் பூஜைக்குப் பூ வேண்டியிருந்ததாம். பூலோகத்தில் இந்த ஊர் நந்தவனத்தில் நல்ல பூ கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேவகன்னியரை அனுப்பினான். வந்தவர்கள் சுவாமியைப் பார்த்தார்கள், பூப் பறிக்க வந்ததை மறந்தார்கள், இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு காமதேனு வந்தது. அதுவும் தங்கிவிட்டது. அதைத் தேடிக்கொண்டு வெள்ளை யானை வந்தது. அதுவும் திரும்பிப் போகவில்லை. பெண்ணும், ஆவும், கடம் என்கிற யானையும் வழிபட்டதால் பெண்ணாகடம். அதுவே நம் வாயில் தேய்ந்து பெண்ணாடம் ஆயிற்று. கோயில் விமானமும் படுத்துத் தூங்குகிற யானையின் முதுகு மாதிரியே இருக்கும். தேவாரத்தில் இந்தக் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்றே பெயர்.

ஆகையால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் இடையே போக்குவரத்து என்பது எங்கள் ஊருக்குப் புதிய விஷயம் அல்ல. ஆனால் புராணத்தில் நடந்தது மேலிருந்து கீழே வந்த பிரயாணம். கீழிருந்து மேலே போக என்ன கட்டணம் என்பதை எங்கள் ஊர் ரெயில் நிலையத்தில் வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

என் தம்பி மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவனை வண்டி ஏற்றிவிடப் போயிருந்தேன். வண்டி தாமதம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"பெரியப்பா, இன்னும் கொஞ்ச வருஷம்தான். நம்ம இஸ்ரோவே ஆகாயத்துக்கு டிக்கெட் போட்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகப் போகுது" என்றான்.

"எவ்வளவாம் டிக்கெட்?"

"ஆறு கோடி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. வண்டி வரும்வரை சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் நான் சொன்னதையும், அவன் போன பிறகுதான் எனக்குத் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சண்டையில் நல்ல பதில்கள் எல்லாம் வண்டி போன பிறகுதானே வருகின்றன!

பையன் கதை அளக்கவில்லை. ராக்கெட்டில் சுற்றுலாப் பிரயாணிகளை ஏற்றி மேலே கொண்டுபோய்ச் சற்று நேரத்தில் கீழே இறக்குவது சாத்தியமா என்று இஸ்ரோ சில ஆய்வுகள் செய்திருப்பதாக 2023ஆம் ஆண்டு பார்லிமெண்டில் அமைச்சரே தெரிவித்தார். அதே ஆண்டு, அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத், 2030ஐ ஒட்டி அது நடக்கலாம் என்றும், ஓர் ஆசனத்துக்கு ஆறு கோடி ரூபாய் ஆகலாம் என்றும் சொன்னார். அமெரிக்காவில் இது பழைய சமாசாரம் ஆகிவிட்டது. 2001இல் டென்னிஸ் டிட்டோ என்ற பணக்காரர் இரண்டு கோடி டாலர் கொடுத்து ருஷ்ய ராக்கெட்டில் ஏறினார் என்று செய்தி. 2021 ஜூலையில் ரிச்சர்ட் பிரான்ஸனும் ஜெஃப் பெஸோஸும் ஒன்பது நாள் இடைவெளியில் தத்தம் சொந்தக் கம்பெனி வாகனங்களில் ஏறி இறங்கினார்கள். 2024 மே மாதம் ஆந்திராவில் பிறந்த கோபி தோட்டகூரா பெஸோஸ் கம்பெனி ராக்கெட்டில் போய் வந்து, முதல் இந்திய ஆகாயச் சுற்றுலாப் பிரயாணி என்று பெயர் வாங்கினார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஏழைக்குச் சோறில்லை, ராக்கெட் எதற்கு?" என்று கேட்கிற கட்சி அல்ல நான். அந்தக் கேள்வியை அறுபது வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். அறுபது வருஷமாக அது தவறான கேள்வியாகவே இருந்து வருகிறது. ஏழைக்கு ராக்கெட் வேண்டும். ஏன் வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

பணக்காரர்கள் மீது பொறாமையா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு என்று ஒப்புக்கொள்வதே யோக்கியம். பூமி உருண்டை என்று வாத்தியார் ஆரஞ்சுப் பழத்தைக் காட்டிச் சொன்ன நாளிலிருந்து, அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இந்த ஆசை பணக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. 1968இலிருந்து 1971 வரை பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனி, சந்திரனுக்குப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்தது. கட்டணம் கிடையாது. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் வரிசை எண் போட்டு ஓர் அட்டை வந்தது. 1991இல் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது. அந்த அட்டையை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிற கிழவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் என் ஜாதி.

ஆகவே, ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆசையைக் காட்டி வியாபாரம் செய்கிறவர்கள் சொல்கிற ஒரு பொய்யோடுதான் சண்டை.

அந்தப் பொய்யை என் தம்பி மகன் மிக அழகாகச் சொன்னான். "பெரியப்பா, எல்லாமே முதல்லே பணக்காரன் விளையாட்டுத்தான். ரெயில் அப்படித்தான் வந்தது. ஏரோப்ளேன் அப்படித்தான் வந்தது. இன்னிக்கு நம்ம பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூருக்கு ஏரோப்ளேன்லே வேலைக்குப் போறான். ஆகாயமும் அப்படித்தான் வரும். முதல்லே ஆறு கோடி, அப்புறம் ஆறு லட்சம், அப்புறம் ஆறாயிரம்."

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. படித்தவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் சரித்திரம் அப்படி நடக்கவில்லை.

ரெயில் நம் நாட்டில் பணக்காரன் விளையாட்டாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. 1853இல் பம்பாயிலும் 1856இல் சென்னை ராயபுரத்திலும் வண்டி புறப்பட்டபோது, இந்தியர்கள் இதில் ஏறுவார்களா என்று சில துரைமார்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஏறினார்கள். மூட்டையும் முடிச்சும் குழந்தையும் குட்டியுமாக மூன்றாம் வகுப்பை நிரப்பினார்கள். ரெயில்வேக்குப் பிரயாணிகளிடமிருந்து வந்த வருமானத்தில் பெரும்பகுதி மெத்தை போட்ட முதல் வகுப்பிலிருந்து வரவில்லை. மூன்றாம் வகுப்பு மரப் பலகையிலிருந்து வந்தது. அந்த ஜனங்கள் பட்ட அவதியைப் பற்றித்தான் காந்திஜி 1917இல் எழுதினார். பணக்காரன் முதலில் போய்ப் பாதை போட, பின்னால் ஏழை போனான் என்பது தலைகீழ்ப் பாடம். ஏழை கொடுத்த காசில் வண்டி ஓடியது. பணக்காரன் அதில் சொகுசாகப் போனான். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டம் இன்னும் இருக்கிறது. சந்தேகமிருந்தால் எங்கள் ஊர் நிலையத்தில் முன்பதிவில்லாப் பெட்டி வந்து நிற்கும்போது பாருங்கள்.

ஏரோப்ளேன்? 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன விமானத்தை ஓட்டி வந்தாரே, அதில் எந்தக் கோடீஸ்வரனும் உல்லாசமாக உட்கார்ந்து வரவில்லை. தபால் மூட்டை வந்தது. அங்கிருந்து அவருடைய கூட்டாளி வின்ஸென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். யாரோ ஒரு தாய் மகனுக்கு எழுதின கடிதமும், யாரோ ஒரு வியாபாரி அனுப்பின பில்லும் சேர்ந்துதான் நம் நாட்டு விமானத்தைத் தூக்கி நிறுத்தின.

ராக்கெட்டும் அப்படியே. சமீப காலத்தில் ராக்கெட் செலவு குறைந்திருக்கிறது, வாஸ்தவம். மேலே போன ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வந்து நின்றபடி தரையிறங்கும் வித்தையை 2015 டிசம்பரில் எலான் மஸ்கின் கம்பெனி செய்து காட்டிற்று. ஆனால் அதற்குத் தீனி போட்டது எது? அமெரிக்க சர்க்காரின் விண்வெளி நிலையத்துக்குச் சாமான் ஏற்றிப்போகிற ஒப்பந்தமும், செயற்கைக்கோள்களை ஏற்றிவிடுகிற கூலியும். அதாவது மறுபடியும் தபால் மூட்டை! உல்லாசப் பிரயாணி கொடுத்த காசில் அந்த வித்தை பிறக்கவில்லை.

உல்லாசப் பிரயாணத்தின் விலை என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிடலாம். பிரான்ஸனின் கம்பெனி முதலில் டிக்கெட் விற்றபோது ஆசனம் இரண்டு லட்சம் டாலர். 2013இல் இரண்டரை லட்சம் ஆயிற்று. 2021இல் நாலரை லட்சம் ஆயிற்று. ஆறு கோடி ஆறு லட்சமாகும் என்கிறவர்கள், இந்தக் கணக்கில் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இஸ்ரோ ஆராய்ந்ததாகச் சொன்னதும், பெஸோஸ் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போனதும் ஒரே மாதிரிப் பிரயாணம். நேராக மேலே, நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போவது, மூன்று நான்கு நிமிஷம் எடையில்லாமல் மிதப்பது, கீழே இறங்குவது. மொத்தம் பத்துப் பதினோரு நிமிஷம். ஏறின இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்க வேண்டியது. இதற்கு மணிக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் அளவு வேகம் போதும். ஆனால் பூமியைச் சுற்றிக்கொண்டு மேலேயே நிற்க வேண்டுமானால் மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேண்டும். வேகம் எட்டு மடங்கு என்றால் அதற்கு வேண்டிய சக்தி சுமார் அறுபது மடங்கு. முதலாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் இரண்டாவது ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. இரண்டும் வேறு ஜாதி யந்திரங்கள்.

திருவிழாக் காலத்தில் ஊரில் ராட்டினம் போடுகிறார்கள். ஏறினால் வயிற்றைக் கலக்குகிறது. உச்சிக்குப் போகும்போது கோபுரமும் வெள்ளாற்று மணலும் தெரிகின்றன. அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்புகிறது. கீழே இறங்கினால் அதே மண். நல்ல சந்தோஷம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராட்டினத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அது விருத்தாசலம் போய்ச் சேராது. ராட்டினக்காரன் "இதுதான் நாளைய ரெயில், ஆகையால் சர்க்கார் எனக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுக்க வேண்டும்" என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

"அவன் சொந்தக் காசைச் செலவழிக்கிறான், உங்களுக்கு என்ன நஷ்டம் பெரியப்பா?" என்று பையன் கேட்டான். இது ரெயில் வாதத்தை விடக் கெட்டியான வாதம். இதற்கு மூன்று பதில்கள்.

முதல் பதில், புகையைப் பற்றியது. பதினொரு நிமிஷப் பிரயாணம் ஒன்றில், மறைமுகச் செலவுகளையும் சேர்த்தால், ஓர் ஆளுக்குக் குறைந்தபட்சம் 75 டன் கரியமில வாயு கணக்கில் ஏறுகிறது என்று 2022ஆம் ஆண்டு உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை சொல்லிற்று. உலகத்தின் மிக ஏழையான நூறு கோடி ஜனங்களில் ஒருவன் பிறந்ததிலிருந்து சாகிறவரைக்கும் அவ்வளவு புகை விடுவதில்லை என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. காசு அவனுடையதாக இருக்கலாம், காற்று யாருடையது? வெள்ளாற்றில் மழைக்காலத்தில் வெள்ளமும், மற்ற மாதங்களில் மணலும் பார்க்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி வெறும் தர்க்கம் அல்ல.

இரண்டாவது பதில், டிக்கெட்டைப் பற்றியது. டிக்கெட் என்பது வெறும் காகிதம் அல்ல. அது ஒரு வாக்குறுதி. உன்னைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பேன், சேர்க்காவிட்டால் பதில் சொல்வேன் என்று பொருள். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், எங்கள் ஊரைக் கடந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. மழை வெள்ளத்தில் கரை அரித்துப் போயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். எங்கள் நிலையத்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்து மறைந்த முகங்கள் அவை என்று என் தகப்பனார் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். டில்லியில் ரெயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். கரையை அரித்தது அவர் அல்ல. ஆனாலும் டிக்கெட் கொடுத்தவன் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஆகாய டிக்கெட்டில் இந்த வாக்குறுதி கிடையாது. அமெரிக்காவில் 2004இல் போட்ட ஒரு சட்டப்படி, தரையில் இருக்கிற ஜனங்களின் பாதுகாப்பைத்தான் சர்க்கார் பார்க்கலாம். ராக்கெட்டில் ஏறுகிறவனின் பாதுகாப்புக்கு விதி வகுக்கக் கூடாது. இந்தத் தொழில் வளரட்டும் என்று கொடுத்த சலுகை அது. பல தடவை நீட்டிக் கடைசியாக 2028 ஜனவரி வரைக்கும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிரயாணி என்ன செய்ய வேண்டும்? 'இந்த வாகனம் பத்திரமானது என்று சர்க்கார் சான்று கொடுக்கவில்லை என்பதை அறிவேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றுகிற தொழில் எங்கே போய் முடியும் என்பதற்கு ஆகாயம் வரைக்கும் போக வேண்டியதில்லை. 2023 ஜூனில், டைட்டானிக் கப்பல் கிடக்கிற இடத்தைப் பார்க்க அட்லாண்டிக் கடலுக்குள் போன டைட்டன் என்ற கலம் நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கும் ஆசனம் இரண்டரை லட்சம் டாலர். அவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள். பிரான்ஸன் கம்பெனியின் சோதனை விமானம் 2014 அக்டோபர் 31ஆம் தேதி நடு ஆகாயத்தில் பிளந்தபோது அதை ஓட்டிய இருவரில் ஒருவர் இறந்தார். அவர் கூலிக்கு உழைத்த விமானி. டிக்கெட் வாங்கியவர் அல்ல. உல்லாசத்துக்கு முன்னால் உயிரைப் பணயம் வைக்கிறவன் எப்போதும் உத்தியோகஸ்தன்தான்.

மூன்றாவது பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். அமெரிக்கப் பணக்காரர் அவர் காசில் அவர் ராட்டினத்தில் ஏறட்டும். அவர் இறங்கி வந்தவுடன், தம் கம்பெனித் தொழிலாளிகளும் வாடிக்கைக்காரர்களும்தான் இதற்கெல்லாம் பணம் கொடுத்தார்கள் என்று நன்றி சொன்னார். அதாவது அங்கேயும் சொந்தக் காசு என்பது கொஞ்சம் சிக்கலான சொல்தான். போகட்டும். ஆனால் இஸ்ரோ யாருடைய சொந்தக் காசு?

1963 நவம்பர் 21ஆம் தேதி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே இருந்தது ஒரு மீனவக் கிராமமும், மேரி மக்தலேனா மாதா கோயிலும். ராக்கெட் நிலையத்துக்கு அந்த இடம் வேண்டும் என்றபோது, பிஷப் பெரேரா ஞாயிற்றுக்கிழமைப் பூஜையில் ஜனங்களைப் பார்த்துக் கேட்டதையும், அவர்கள் "ஆமென்" என்று சம்மதித்ததையும் அப்துல் கலாம் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார். மீன் பிடிக்கிறவர்கள் கோயிலைக் கொடுத்தார்கள், வீட்டைக் கொடுத்தார்கள். எதற்காக? விக்ரம் சாராபாய் அப்போதே அதைத் தெளிவாக்கினார். பணக்கார தேசங்களோடு போட்டி போட்டுக்கொண்டு சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் போகிற கனவு நமக்கு இல்லை, ஆனால் மனிதனுடைய, சமூகத்தினுடைய நிஜமான பிரச்னைகளுக்கு இந்த வித்தையைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களாக இருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி.

நிஜமான பிரச்னை எது என்று எங்கள் ஜில்லாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரமும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் பறித்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. உயிர்ச்சேதமும் உண்டு. ஆனால் அந்தப் புயல் நடுக்கடலில் இருந்தபோதே ஆகாயத்திலிருந்து நம் செயற்கைக்கோள்கள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண் இல்லாவிட்டால் கடலுக்குள் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? மீன் எங்கே கூடியிருக்கும் என்று மீனவனுக்குச் சொல்வதும், புயல் எங்கே திரும்பும் என்று விவசாயிக்குச் சொல்வதும் அந்தக் கண்தான். ஏழைக்கு ராக்கெட் வேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான்.

ராக்கெட்டைக் கட்டியவர்கள் யார் என்பதும் ரகசியம் அல்ல. 2023இல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், எங்கள் கார்டு லைன் கிளம்புகிற விழுப்புரத்துக்காரர். ரெயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். சர்க்கார் பள்ளிக்கூடமும் சர்க்கார் சம்பளமும் இல்லாவிட்டால் இந்த ராக்கெட்டுகள் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், இந்த ஏணியை மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள்தாம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது ஏணி தயாரானவுடன், மேல் படியில் நிற்க ஆறு கோடி என்று பலகை மாட்டலாமா?

ஆறு கோடி என்பது எங்கள் ஊர்க் கணக்கில் எவ்வளவு? 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார், பத்தேகால் சதவீதம் சர்க்கரை கண்ட கரும்புக்கு நிர்ணயித்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அந்தக் கணக்கில் ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய பதினேழாயிரம் டன் கரும்பு. ஏக்கருக்கு நாற்பது டன் என்று வைத்துக்கொண்டால் நானூறு ஏக்கருக்கு மேல். வெட்டுக் கூலியும் உரச் செலவும் கழிக்காமல், ஒரு வருஷத்து விளைச்சல் பூராவும். நானூறு ஏக்கர்க் கரும்பை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினால் பதினொரு நிமிஷம்! கரும்பு போட்டவனுக்குப் பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதை நான் இங்கே கிளப்பவில்லை. அது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இஸ்ரோ அப்படி விற்றுக் கிடைக்கிற லாபத்தை நல்ல காரியத்துக்குச் செலவழிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கோயில் கர்ப்பக்கிருகத்துக்குள் போய் நிற்க ஆயிரம் ரூபாய் டிக்கெட் போடுகிறவர்களும் லாபத்தை அன்னதானத்துக்குச் செலவழிக்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். வரிசையில் நிற்கிறவன் மனசு என்ன ஆகிறது என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இதுவரைக்கும் நம் பிள்ளைகள் ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறார்களே, ஏன்? அது நம்முடையது என்ற நினைப்பு. டிக்கெட் பலகை மாட்டிய அன்றைக்கு அந்த நினைப்பில் ஓட்டை விழுந்துவிடும். அந்த நஷ்டத்தை ஆறு கோடியால் ஈடு கட்ட முடியாது.

அப்படியானால் நம்மவர் யாருமே போகக் கூடாதா? போகலாம். போயிருக்கிறார்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா போனார். 2025 ஜூன் 25ஆம் தேதி சுபான்ஷு சுக்லா போனார். சுக்லாவின் பிரயாணத்துக்காக நம் சர்க்கார் ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவழித்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் வாங்கிய ஆசனம்தான் அதுவும். ஆனால் அதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். அவர் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நம் சொந்தக் ககன்யானுக்காகப் பயிற்சி பெறப் போனவர். தேசம் அவரை அனுப்பிற்று. அவருடைய மணிபர்ஸ் அனுப்பவில்லை. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல.

எதிர்க் கட்சிக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டகூரா போன அதே ராக்கெட்டில் எட் டுவைட் என்ற தொண்ணூறு வயதுக் கிழவரும் போனார். 1960களில் ஆகாய வீரராகப் பயிற்சிக்கு எடுக்கப்பட்ட முதல் கறுப்பர் அவர். ஆனால் அவரை மேலே அனுப்பவே இல்லை. அறுபது வருஷம் கழித்து ஒரு தர்ம ஸ்தாபனம் உதவி செய்து அந்த ஆசனத்தில் அவரை உட்கார வைத்தது. அந்தச் சில நிமிஷத்தை யாராவது ராட்டினம் என்றால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் அது எதைக் காட்டுகிறது? ஆசனத்தை விற்காமல் தகுதியுள்ளவருக்குக் கொடுத்தால்தான் அதற்கு மரியாதை வருகிறது என்பதைத்தானே?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். தனியாருக்கு ஆகாயத்தின் கதவு 2023ஆம் வருஷக் கொள்கையிலேயே திறந்தாகிவிட்டது. ராட்டினம் போடுகிறவர் போடட்டும். ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. விபத்து நடந்தால் யார் பதில் சொல்வது என்று சட்டம் எழுதின பிறகு டிக்கெட் அச்சடிக்கட்டும். இஸ்ரோ மட்டும் டிக்கெட் விற்க வேண்டாம். வெளியாட்களுக்கு இடம் கொடுக்கிற காலம் என்றைக்காவது வந்தால், பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். முடியாவிட்டால் குலுக்கல் போட்டுப் பார்க்கட்டும். பள்ளிக்கூட வாத்தியார், தும்பாவில் வீட்டைக் கொடுத்தவர்களின் பேத்தி, குலசேகரன்பட்டினத்தில் 2024இல் அடிக்கல் நாட்டிய புதிய ஏவுதளத்துக்காக நிலத்தைக் கொடுத்தவர்களின் பேரன் என்று எல்லார் பெயரும் அதில் இருக்கட்டும். ஆபத்து இல்லாத காரியம் அல்ல. 1986 ஜனவரி 28ஆம் தேதி சாலஞ்சர் வெடித்தபோது அதில் இருந்த கிறிஸ்டா மக்காலிஃப் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பதினோராயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்தச் சாவுக்கு ஒரு தேசம் முழுவதும் அழுதது, விசாரணை நடந்தது, பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொன்னார்கள். யாரும் கையெழுத்துக் காகிதத்தைக் காட்டித் தப்பிக்கவில்லை.

இதற்குள் வண்டி வந்துவிட்டது. முன்பதிவில்லாப் பெட்டியில் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றவர்கள், எங்கள் பையனின் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளி, அவனையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். வண்டி நகரும்போது அவன் தலையை நீட்டிக் கத்தினான்:

"பெரியப்பா! உங்க குலுக்கல்லே உங்க பேரே வந்துட்டா?"

"போவேன்டா!" என்று நானும் கத்தினேன்.

பிளாட்பாரத்தில் நின்றவர்கள், எங்கே போகப் போகிறான் இந்தக் கிழவன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.